வாச்சர் நட்ட சிலுவைகள்

டேனிஷ் நகரமான வைலேயில் பனி கொட்டிய காலைகளில் வாசற்பாதையைத் துப்புரவாக்குவது அந்தோனிதாசன்தான். அந்தக் குடியிருப்பில் அது முறைவைத்துச் செய்யும் வேலை. இவர் எவருடைய முறையையும் விட்டுவைப்பதில்லை. மற்றவர்கள் பனியை வாரி எறிவார்கள்; இவர் சீவுவார். மேலே கிடக்கும் புதுப்பனி ஒரு பக்கம், அடியில் இறுகிய பழம்பனி மறுபக்கம். கட்டடத்தைப் பார்க்கும் டேனிஷ்காரன் ஒருநாள், "உள்ளே என்ன தேடுகிறாய்?" என்று கேட்டான். "நேற்றைய பனியை" என்றார், தனக்குத் தெரிந்த டேனிஷில்.

"மண் சுரண்டிப் பழகின மனிசன். பனியெண்டாலும் சுரண்டத்தான் வேணும்" என்பாள் மனைவி அருமைநாயகி.

மன்னார்ப் பக்கம், பழைய பட்டினமொன்று புதைந்து கிடந்த மேட்டுக்கு அவர் காவற்காரர். வெளிநாட்டு ஆய்வாளர்கள் குழி வெட்டியபோது கூலிக்கு மண் சீவப் போனவர், பிறகு மேட்டுக்கே வாச்சரானார். இப்போது இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. ஆனாலும் பக்கத்து நகரமான கோல்டிங்கிலுள்ள ஊர்ச்சனம் தொலைபேசியில் "வாச்சர் அண்ணை நிக்கிறாரோ?" என்றுதான் கேட்கும். வீட்டில் கோப்பை உடைந்தால் குப்பையில் போட விடமாட்டார்.

"உடையேல்லையப்பா, பிரிஞ்சு கிடக்குது."

"அப்ப பிரிஞ்சதிலயே தேத்தண்ணி குடியுங்கோ!"

எண்பத்து நாலில் சண்டை இறுகியதும் ஆய்வாளர்கள் போய்விட்டார்கள். மேடு உயரமானது. ஆமிக்கும் இயக்கப் பொடியளுக்கும் பங்கர் வெட்ட அதைவிட வாய்ப்பான இடமில்லை. தொல்பொருள் திணைக்களம் நட்ட தகரப் பலகை ஏற்கெனவே யாருடையவோ கோழிக்கூட்டுக்குக் கூரையாகிவிட்டிருந்தது. ஊர் முழுவதும் இடம்பெயர்ந்துபோன ஒரு கிழமையில், அந்தோனிதாசன் தனியே நின்று ஆய்வாளர்கள் வெட்டிய குழிகளுக்குள் ஓலைப்பாய் விரித்தார். மண்ணைப் போட்டு மூடினார். மேலே மரச் சிலுவைகள் நட்டார். செத்தவர்களைப் புதைத்த சேமக்காலை என்றால் இரண்டு பகுதியும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடும் என்பது அவர் கணக்கு. கணக்குப் பிழைக்கவில்லை. திரும்பி வந்த ஊர்ச்சனம் கேட்டபோது, "வழியில செத்த அகதிச்சனம், பாவங்கள்" என்றார். உண்மை அருமைநாயகிக்கு மட்டும் தெரியும். இன்னொரு காதுக்குப் போனால் காவல் போய்விடும்.

போன மார்கழியில், ஞாயிறு பூசை முடிந்து, மேரிசெலினைச் சாப்பிடக் கூட்டிவந்தார்கள். அதே ஊர்க்காரி, விபோர்க் நகருக்கு வந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. அருமைநாயகி மீன்குழம்பை அவளுடைய சோற்றில் ஊற்றிக்கொண்டே ஊர்ப் புதினம் கேட்டாள்.

"எங்கட சேமக்காலைக்குப் போற றோட்டில இப்ப ஆமி காம்ப் அக்கா. ஆர் அதால போறது? எல்லாருக்கும் வாச்சர் அண்ணையின்ர மேட்டிலதான் அடக்கம்."

அந்தோனிதாசனின் கை சோற்றில் நின்றது.

"எவ்வளவு ஆழம் வெட்டுறாங்கள்?"

"இதென்ன கேள்வி அண்ணை, ஆறடிதான்."

மூன்றாம் அடியில் சீனத்துப் பீங்கான். ஐந்தாம் அடியில் கறுப்பும் சிவப்புமான பானையோடுகள். ஆறடிக்கு ஒன்றும் தப்பாது. அது பொய்ச் சேமக்காலை என்று ஊர்ப் பங்குப் பாதருக்கு ஒரு சொல் போனால் வெட்டுவது நிற்கும். விபோர்க்கில் இருக்கும் ஒரு பொடியன் அந்தக் கிழமைதான் ஊருக்குத் தொலைபேசியில் கதைக்கப் போகிறான். அவனிடம் சொன்னாலே போதும். அவர் தொண்டையைச் செருமினார்.

"எங்கட வீட்டுக்காரரையும் அங்கதான் வைச்சிட்டு வந்தனான்" என்றாள் மேரிசெலின், மீன்முள்ளை எடுத்து ஓரமாக வைத்தபடி. "ஷெல்லடி. பாதர் வர ஏலாமப் போச்சு. செபம் சொல்லக்கூட ஆளில்லை. எண்டாலும் முந்தியே பாதர் வந்து செபிச்சு மந்திரிச்ச நிலம்தானே, எங்கட பிழையை அந்த மண் பொறுக்கும் எண்டு மனதைத் தேத்தினனான்."

அருமைநாயகி கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"நீங்கள் அப்ப அங்க நிண்டனீங்கள்தானே அண்ணை. எந்தப் பாதர் வந்து மந்திரிச்சவர்?"

அவர் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"அண்ணை?"

சோறு ஒட்டிய வலக்கையை உடுப்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி அறையைவிட்டு வெளியே போனார். மற்றக் கையால், சத்தம் வராமல், கதவைச் சாத்தினார்.