பொலோன்யாவில் பாதியில் விட்ட தட்டு

இத்தாலிக்குச் சுற்றுலாப் போகிற மெல்பேர்ன் தமிழர்கள் இப்போது சிவாஜினிக்குத்தான் போன் எடுக்கிறார்கள். பொலோன்யாவில் நல்ல பாஸ்தா எங்கே சாப்பிடலாம் என்று கேட்பார்கள். அவள் மூன்று இடங்களைச் சொல்வாள். மூன்றாவது இடத்துக்கு வரும்போது அவளுடைய குரல் தாழ்ந்துவிடும். ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. மெல்பேர்னின் புறநகரான மல்கிரேவில் நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, எனக்குத் தெரியும்.

கார்ல்டனில் பவோலா என்ற இத்தாலியப் பெண் நடத்தும் சின்ன உணவகத்தில் சிவாஜினிக்கு வேலை. கோப்பை கழுவச் சேர்ந்தவள், கொஞ்சக் காலத்தில் மா குழைக்கத் தொடங்கினாள். முட்டை விட்டுக் குழைத்த மாவை நீளமான கட்டையால் மேசை முழுக்கத் தகடாக உருட்டி, சதுரமாக வெட்டி, நடுவில் பாற்கட்டி வைத்து மடிப்பது அவளுக்குப் பிடித்த வேலை. அந்த மடிப்புக்கு டோர்டெலோனி என்று பெயர். சமையலறைக் கதவு உட்பக்கம் பூட்டியிருக்கும் என்பதும் அந்த வேலை பிடித்துப்போனதற்கு ஒரு காரணம்.

சிவாஜினிக்குச் சீருடை என்றால் பயம். மல்கிரேவ் கடைகளின் முன்னால் பொலிஸ் கார் நின்றால் வீதியைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுவாள். ரயிலில் டிக்கெட் பரிசோதிப்பவர்கள் ஏறினால், கையில் டிக்கெட் இருந்தும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவாள். போர் முடிந்த வருடம் ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றபோது, சீருடை போட்ட ஒருவன் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு தகரக் கொட்டகைக்குப் பின்னால் போனான். நேரமாகியும் ஆளைக் காணவில்லை. "நில்லுங்கோ அக்கா, நான் போய்க் கேட்டுக்கொண்டு வாறன்" என்று தம்பி ஸ்ரீகாந்த் பின்னால் போனான். அட்டை திரும்பி வந்தது. தம்பி வரவில்லை.

அதன்பிறகு அவளும் புருசன் சிவபாலனும் படகில் ஆஸ்திரேலியாவுக்கு வந்தார்கள். பத்து வருடத்துக்கும் மேலாகத் தற்காலிக விசாவில் இருந்தார்கள். நிரந்தர விசா கிடைத்த அன்று சிவபாலன் எனக்கும் கேசரி கொண்டுவந்து தந்தான். சிவாஜினி அன்றைக்கும் வாசல் கதவைப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் போய்ப் பார்த்தாள்.

பவோலா பொலோன்யாவில் பிறந்தவள். அவளுடைய தாய் இறந்தபின் பூட்டிக் கிடந்த வீட்டை விற்பதற்காகக் கையெழுத்துப் போட அவள் அங்கே போக வேண்டியிருந்தது. மல்கிரேவில் இரண்டாவது உணவகம் திறக்கிற யோசனையும் அவளுக்கு இருந்தது. இருவரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான்.

"நீயும் வா. எங்கள் ஊர்ச் சாப்பாட்டை இத்தனை வருடமாகச் செய்கிறாய். ஒரு தரம் அங்கே இருந்து சாப்பிட்டுப் பார். புதுக் கடைக்கு என்ன சமைப்பது என்று பிறகு பேசலாம்" என்றாள் பவோலா.

சிவாஜினி வீட்டுக்கு வந்து சிவபாலனிடம் சொன்னாள். அவன் உடனே மறுப்பான் என்று எதிர்பார்த்தாள்.

"போட்டு வாருமன்" என்றான் அவன். "இப்பதான் எங்களுக்கு விசா சரியாக் கிடைச்சிட்டுதே. என்னத்துக்குப் பயம்?"

"திரும்பி வரேக்க உள்ள விடாட்டி?"

"விடுவினம்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஆனாலும் டிக்கெட் போட்டார்கள்.

குடியுரிமை இன்னும் கிடைக்காத அகதிகளுக்குப் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஆஸ்திரேலிய அரசு ஒரு பயணப் புத்தகம் கொடுக்கும். அதில்தான் இத்தாலி விசாவும் ஒட்டியிருந்தது. சிவாஜினி அதற்கென்று ஒரு துணிப்பை தைத்து, கழுத்தில் மாட்டி, சுவெட்டருக்குள் விட்டுக்கொண்டாள். மெல்பேர்ன் விமான நிலையத்தில் அதிகாரி ஒருத்தி அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, பக்கத்துக் கவுண்டரில் இருந்தவரிடம் காட்டி ஏதோ கேட்டாள். சிவாஜினியின் முதுகு வியர்வையில் நனைந்துவிட்டது. பொலோன்யாவில் இறங்கியபோதும் அப்படித்தான். முத்திரை குத்துகிற சத்தம் கேட்கும்வரை அவள் மூச்சை வெளியே விடவில்லை.

ஊர் அவளுக்குப் பிடித்தது. பழைய நகரத்தின் தெருக்களில் இரண்டு பக்கமும் தூண்களும் வளைவுகளுமாக, கூரை போட்ட நடைபாதைகள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. மழை பெய்தாலும் நனையாமல் நகரம் முழுக்க நடக்கலாம். சிவாஜினிக்குப் பிடித்தது வேறு காரணத்துக்காக. சுவரோடு ஒட்டி, தூண் நிழலில், யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

மாட்டிறைச்சி அவள் சாப்பிடுவதில்லை. பொலோன்யாவின் பேர்போன இறைச்சிக் குழம்பு மாட்டிறைச்சியில்தான் செய்வது. அதனால் பவோலா வேறு இடங்களாகத் தேர்ந்தெடுத்திருந்தாள். முதலாவது, பெரிய சதுக்கத்துக்குப் பக்கத்தில் மீனும் காய்கறியும் விற்கிற ஒடுங்கிய சந்துக்குள். மத்தியானம் மட்டும்தான் திறப்பார்கள். நீள மேசைகளில் முன்பின் தெரியாதவர்களோடு முழங்கை இடிக்க உட்கார வேண்டும். அங்கே டோர்டெலோனி வந்தது. வெண்ணெயில் சேஜ் என்ற வாசனை இலையை மொறுமொறுவென்று பொரித்து மேலே போட்டிருந்தார்கள். மாத் தகடு அவளுடையதைவிட மெல்லிசு. கடிக்கும் முன்பே உள்ளிருந்த பாற்கட்டி நாக்கில் இறங்கிவிட்டது. "இப்படியா செய்ய வேண்டும்!" என்று வாய்விட்டே சொன்னாள். பவோலா சிரித்தாள்.

இரண்டாவது, பல்கலைக்கழகப் பக்கம். மாணவர்கள் வாசலில் நின்றுகொண்டே சாப்பிடுகிற கடை. சுருண்ட குட்டிப் பாஸ்தாவைப் பன்றி இறைச்சி சொசேஜோடு பிரட்டித் தருவார்கள். அங்கே ஆளுக்குக் கொஞ்சம் சாப்பிட்டதும் பவோலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வீட்டுப் பத்திரம் எழுதுகிறவரிடம் போக நேரமாகிவிட்டது.

"மூன்றாவது இடம் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால். தனியாகப் போவாயா? வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிடுகிற இடம். வெங்காயக் குழம்புத் தல்யத்தெல்லே என்று கேள். முடிந்ததும் நான் போன் பண்ணுகிறேன்."

போவேன் என்று சிவாஜினி தலையாட்டினாள். எப்படிச் சம்மதித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்தக் கடையில் ஏழெட்டு மேசைகள்தான். வெள்ளை ஏப்ரன் கட்டிய தடித்த பெண் ஒருத்தி சமைத்து, பரிமாறி, காசும் வாங்கினாள். நாடா மாதிரி நீளமாக வெட்டிய மஞ்சள் பாஸ்தாதான் தல்யத்தெல்லே. வெங்காயத்தையும் தக்காளியையும் வெங்காயம் உருத்தெரியாமல் கரையும்வரை வதக்கி அதில் பிரட்டியிருந்தாள். இனிப்பும் புளிப்புமாக இருந்தது. சாப்பிட்டதிலேயே இதுதான் சிறந்தது என்று இரண்டாவது வாயிலேயே சிவாஜினிக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது கதவு திறந்தது. காற்சட்டையில் சிவப்புக் கோடு போட்ட கருநீலச் சீருடையில் ஒரு வயதானவரும் ஓர் இளைஞனும் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். கராபினியேரி என்று சொல்லும் பொலிஸ்காரர்கள்.

சிவாஜினி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். கேட்டால் உடனே காட்ட வேண்டும் என்று நினைத்து, துணிப்பையைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வயதானவர் அவள் பக்கம் திரும்பி, தட்டைக் காட்டி, ஏதோ சொன்னார். நல்லாயிருக்கிறதா என்று கேட்டிருப்பார். அவளுக்கு அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது, அட்டையைக் கேட்டு நீளும் கை. காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே நடந்தாள்.

கொஞ்சத் தூரம் போயிருப்பாள். "சின்யோரா!" என்று பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள். இளையவன் தொப்பியில்லாமல் நடைபாதையில் அவளை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தான். "சின்யோரா! சின்யோரா!"

சிவாஜினி ஓடினாள். ஒரு தெரு, பிறகு ஒரு சந்து, பிறகு பாதி திறந்திருந்த ஒரு மாடிவீட்டு வாசல். அதற்குள் நுழைந்து சைக்கிள்களுக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். வெளியே காலடி வந்தது, நின்றது, திரும்பிப் போனது.

சத்தம் அடங்கிய பிறகுதான் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். பை இல்லை.

பவோலாவின் போன் அணைத்திருந்தது. எங்கே விழுந்தது என்று சிவாஜினிக்கு நினைவே வரவில்லை. மடியில் வைத்ததுகூட மறந்துவிட்டது. பல்கலைக்கழகக் கடைக்கு ஓடினாள், கதவு பூட்டியிருந்தது. மீன் விற்கிற சந்துக்குள் இருந்த முதலாவது கடையில் கதிரைகளை மேசைமேல் கவிழ்த்துவைத்துத் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்த இத்தாலியச் சொற்கள் எல்லாம் பாஸ்தாவின் பெயர்கள். அவற்றை வைத்துக்கொண்டு எதைக் கேட்பது? அந்தப் புத்தகம் இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். இந்த ஊரில் அவள் யார் என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை. போகிற வழியில் ஒரு குப்பைத் தொட்டியைக்கூடக் கிளறிப் பார்த்தாள்.

கடைசியில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த கடைக்கே திரும்பி வந்தாள். ஏப்ரன் கட்டிய பெண் அவளைக் கண்டதும் இரண்டு கையையும் உயர்த்தினாள். கதிரைக்குக் கீழே குனிந்து எதையோ எடுப்பதுபோலக் காட்டினாள். பிறகு தன் தலையில் தொப்பி போடுவதுபோலக் காட்டினாள். வாசலுக்கு வந்து, தெரு முனையில் கொடி பறக்கும் கட்டடத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

புத்தகம் பொலிஸில் இருந்தது.

கட்டடத்துக்கு எதிரே ஒரு தூணோடு ஒட்டி நின்று சிவாஜினி வீட்டுக்குப் போன் எடுத்தாள். மெல்பேர்னில் நித்திரை நேரம். சிவபாலன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"இஞ்சாருங்கோ, என்ர டொக்கியுமென்ட் பொலிசிட்டப் போயிட்டுது."

"எப்பிடி? பிடிச்சவங்களே?"

"இல்ல, நான்தான் விழுத்திப்போட்டன். தரத்தான் கூப்பிட்டிருக்கினம் போல. நான் ஓடியிட்டன்."

"பவோலா வரட்டும். தனியப் போகாதையும்."

"அவவின்ர போன் வேலை செய்யேல்ல. ஓடினபடியா இனிச் சந்தேகப்படுவினமே? நேரம் போகப் போக இன்னும் மோசமாகும்."

"சிவா, எனக்கு என்ன சொல்றதெண்டு தெரியேல்லயப்பா" என்றான் அவன்.

"போனை வைக்காதையுங்கோ" என்று சொல்லிவிட்டு, அதைக் கையில் பிடித்தபடி அவள் தெருவைக் கடந்தாள்.

உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் அந்த இளையவன்தான் இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து, மேசையிலிருந்து துணிப்பையை எடுத்து உயர்த்திக் காட்டினான். சிவாஜினி கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. பொறுங்கள் என்று சைகை செய்துவிட்டுப் பையோடு பின்னால் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை, எழுந்தாள். கதவு திறக்கவில்லை. உள்ளே ஏதோ இயந்திரம் உறுமுகிற சத்தம். தகரக் கொட்டகையும், அதன் பின்னால் போன தம்பி போட்டிருந்த சேட்டின் நிறமும் கண்முன் வந்தன. கால் தானாக நகர்ந்தது. கவுண்டரின் பக்கத்துத் தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், சாத்தியிருந்த கதவைத் திறந்தாள்.

இளையவன் அவளுடைய புத்தகத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான். திடுக்கிட்டு, "சின்யோரா, நோ, நோ!" என்றான். அவள் புத்தகத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அவன் மற்ற முனையை விடவில்லை. மேசையில் இருந்த வயதானவர் எழுந்து வந்தார். அவர் கை இனித் தன் தோளில் விழும் என்று சிவாஜினி கண்ணை மூடினாள்.

அவர் இளையவனிடம் ஒரு சொல் சொன்னார். அவன் கையை எடுத்தான். வயதானவர் அவளுக்குக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். படத்தையும் முகத்தையும் பார்த்தார். பெயரைக் கேட்டார். ஒப்படைத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கினார். பிறகு உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்: "ஏன் ஓடினீர்கள்?"

"உங்களுக்குப் பயந்து" என்றாள்.

அவர் புத்தகத்தைத் துணிப்பைக்குள் போட்டு அவளிடம் கொடுத்தார். "அந்தத் தட்டில் பாதிக்கு மேல் விட்டுவிட்டீர்கள்" என்றார். "நல்ல தல்யத்தெல்லே. நாளைக்கும் இருக்கும்."

மறுநாள் பவோலா அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். ஏப்ரன் கட்டிய பெண் தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். சிவாஜினியின் கண் கதவைவிட்டு அகலவில்லை. ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள். மல்கிரேவில் பவோலா திறந்த புதுக் கடையில் அந்த வெங்காயக் குழம்பு இப்போது தினமும் உண்டு. அதைச் சமைப்பவள் அவள்தான்.

பொலோன்யாவிலிருந்து திரும்பி வந்த அன்று மெல்பேர்ன் கவுண்டரில் அவளை அதிக நேரம் நிறுத்தவில்லை. சிவபாலன் காரோடு காத்திருந்தான். போனில் கேட்டது பாதிதான். மீதியை வரும் வழியில் சொன்னாள். தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன இடத்துக்கு வந்தபோது, சிவபாலன் காரை ஓரமாக நிறுத்தினான். ஸ்டியரிங்கை விட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

"நானெண்டால் போயிருக்கமாட்டன்" என்றான்.

அவள் இறங்கி, காரைச் சுற்றி வந்து, அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். மீதித் தூரத்தை அவள் ஓட்டினாள்.