எதிர்வீடு பார்க்க வந்த வீரன்

நான் வீடு விற்கும் ஏஜன்ட். மில்லிக்கன் பகுதியில் என் வீட்டுக்கு எதிர்வீட்டை வாங்கப் பார்க்க வந்தான், ஒரு நெடிய கூடைப்பந்து வீரன். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து, அறை அறையாக நடந்தபடி, ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய அணி தந்த ஒப்பந்தத்தை உதறிவிட்டு இரண்டு மடங்கு கேட்டவன் என்று செய்திகளில் படித்திருந்தேன். அவர்கள் வேறொருவனை எடுத்துவிட்டார்கள். பிறகு எந்த அணியும் அழைக்கவில்லை.

“முதல் ஓஃபரையே எடுத்திருக்கலாமே, தம்பி?” என்றேன்.

“என்ர வேல்யூ அதைவிடக் கூட, அங்கிள்.” ஜன்னலால் எதிரே காட்டினான். “உங்கட வீட்டிலயும் விக்கிற போர்ட் நிக்குது. ஒருத்தரும் ஓஃபர் தரேல்லையோ?”

“ஒண்டு வந்தது. விலை காணாதெண்டு விட்டிட்டன்.”

அவன் சிரிக்கவில்லை. குனிந்து வெளியேறினான்.

எதிரே, என் வீட்டு விற்பனைப் பலகையில் என் படம் சிரித்துக்கொண்டிருந்தது. என் கை தானாக ஃபோனை எடுத்தது. ஒருவரும் அழைத்திருக்கவில்லை.