நௌஃபாவின் இரண்டு தட்டுகள்

மஃப்ரக் ஊர்க் கால்நடை ஆய்வுக்கூடத்து நௌஃபாவைத் தெரியாத ஆட்டுக்காரன் அந்தப் பக்கம் கிடையாது. வாய் அப்படி! சின்ன வயதில் காய்ச்சாத ஆட்டுப்பாலைக் குடித்து, மால்டா காய்ச்சலில் ஒரு குளிர்காலம் முழுக்க முதுகு நிமிராமல் கிடந்தவள். அந்தக் கிருமி மேல் இருந்த கோபத்திலேயே படித்து, அதையே வளர்த்துப் பார்க்கிற வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

ஒருநாள் அபூ தாரி என்ற ஆட்டுக்காரர் வந்து நின்றார். அவர் பட்டியில் சினை ஆடுகள் வரிசையாகச் செத்த குட்டி போட்டுக்கொண்டிருந்தன. காரணம் அசல் நோய்க்கிருமி என்றால் மந்தை மொத்தத்தையும் வெட்டிப் புதைக்க வேண்டியதுதான். தடுப்பூசியில் இருக்கும் அதன் சாதுவான தம்பி என்றால் மந்தை பிழைக்கும்; சினை ஆட்டுக்குப் போட்டால் மட்டும் அவனும் வயிற்றுக் குட்டியைக் கொன்றுவிடுவான். உருப்பெருக்கியில் பார்த்தால் அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

"சித்தப்பா, சினை ஆட்டுக்கு ஊசி கீசி போட்டீங்களா?" என்று கேட்டாள் நௌஃபா.

வராந்தாவில் ஊர் ஆட்டுக்காரர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். "நானா? என்னை என்ன கிறுக்கன்னு நெனச்சியா?" என்று சீறினார் மனிதர்.

நௌஃபா செத்த குட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். அதிலிருந்து எடுத்த கிருமியை, கிருமி வளர்க்கும் இரண்டு தட்டுகளில் தடவினாள். பென்சிலின் கலந்த தட்டில் அண்ணன்தான் வளருவான், தம்பி வளரமாட்டான். ஸ்ட்ரெப்டோமைசின் கலந்ததில் நேர்மாறு. பிறகு காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில் அபூ தாரி பாதியாக இளைத்துப்போனார்.

திறந்து பார்த்தால் பென்சிலின் தட்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மற்றதில் குட்டிக் குட்டிப் பனித்துளிகள் மாதிரி கிருமிக் கூட்டங்கள்! தலைமை மருத்துவரும் பார்த்துத் தலையாட்டினார். நௌஃபா வராந்தாவுக்கே ஓடிவந்து கத்தினாள்.

"சித்தப்பா! தம்பிதான்! ஆடு பொழச்சுது! இப்பவாவது சொல்லுங்க, ஊசி போட்டது யாரு?"

அபூ தாரி தலையில் கட்டிய துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

"ஊசிக்காரர் குட்டிகளுக்கு ஊசி போட்டுட்டு, நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டுப் போனாரும்மா. பாட்டில்ல மிச்சம் இருந்துச்சு. விருந்தாளி விட்டுட்டுப் போனதை மண்ணுல கொட்டுறதா? பாவமில்லையா? நானே எடுத்துச் சினை ஆடுகளுக்குப் போட்டுட்டேன்."

"நல்லா விருந்து வச்சீங்க போங்க! பாலைக் காய்ச்சாம யாராவது குடிச்சீங்கன்னா அங்கயே வந்து ஒதைப்பேன்."

வராந்தாவே சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்து வந்தார்.

"மகளே... அபூ தாரி அந்த மிச்சத்துல பாதியை எனக்குக் கொடுத்தாரு. என் பட்டியிலயும் ஆடு..."

"வாயால சொன்னா செல்லாது சித்தப்பா," என்றாள் நௌஃபா, புதுத் தட்டுகளை எடுத்தபடி. "செத்த குட்டியைக் கொண்டாங்க."