முதல்குடம் வேலைக்குப் போனாள்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டைக்கு மட்டும் பயன்பட்டது. தெருவில் அவள் முதல்குடம். தண்ணீர் லாரி முக்கு திரும்பும்போதே வரிசையின் தலையில் அவள் குடம் நிற்கும். கல்யாணமாகி வந்த புதிதில் பிடித்த இடம். அதற்கப்புறம் தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட அவள் ராத்தங்கியதில்லை. பெரிய பதவி என்றால் அப்படித்தான், விட்டுவிட்டு நகர முடியாது.

தண்ணீர் இல்லாததால் ஆண்கள் ஊரை விட்டுப் போனார்கள். அதே தண்ணீர் இல்லாததால் பெண்கள் வீட்டை விட்டு நகர முடியவில்லை. லாரி வந்தால் பிடிக்க ஆள் வேண்டுமே! அவள் புருஷனும் வயல் காய்ந்து பட்டணம் போனவன்தான். அங்கே அவனுக்குக் கிடைத்தது, மாடி மாடியாகத் தண்ணீர் கேன் தூக்கிப் போடும் வேலை. சொந்த வீட்டில் ஒரு சொம்பு மொண்டு அறியாதவன்! தன் வீட்டுக்குச் சுமந்தால் பொம்பளை வேலை, அடுத்தவன் வீட்டுக்குச் சுமந்தால் உத்தியோகம்.

கடைசியில் அந்தத் தண்ணீர் கேன் கம்பெனியின் ஆழ்துளைக் கிணறும் வற்றிப்போய், கூப்பிடும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். அவன் வந்து சேர்ந்த வாரம்தான் தையல் கம்பெனியிலிருந்து அவளுக்கு ஆள் வந்தது. முன்பும் கூப்பிட்டிருக்கிறார்கள். கம்பெனி வேனும் தண்ணீர் லாரியும் ஒரே நேரத்தில் வந்து தொலைத்ததால் அவளால் போக முடியவில்லை. திங்கட்கிழமை வராவிட்டால் இனி கூப்பிட மாட்டோம் என்று சூப்பர்வைசரம்மா இந்த முறை கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

“நாளைக்கு நீங்க போய்ப் பிடிங்க,” என்றாள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி.

“நானா? பொம்பளைங்க வரிசையிலயா? மானம் போயிடும்டி.”

“பட்டணத்துல மாடி ஏறும்போது அத எங்க வச்சிருந்தீங்க? வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டா ஏறுனீங்க?”

“அது டியூட்டி.”

அவள் கொடியில் கிடந்த அவனுடைய கம்பெனி நீலச் சட்டையை எடுத்து, மடிப்பு விழத் தேய்த்துக் கட்டில்மேல் வைத்தாள்.

“அப்ப டியூட்டியாவே போங்க.”

மறுநாள் காலை வேனும் லாரியும் வழக்கம்போல ஒன்றாக வந்து நின்றன. அவள் வேன் படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்று வீட்டு வாசலையே பார்த்தாள். அவன் வராவிட்டால் ஓட வேண்டியது அவள்தான். வந்தான். நீலச் சட்டை, கையில் குடம், மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பிய நடை.

“என்ன தம்பி, டெலிவரியா?” என்றாள் வரிசையில் ஒருத்தி.

“ஆமாக்கா.”

“அப்ப எங்க வீட்டுக்கும் ரெண்டு போட்டுடு!”

வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவனுக்குக் கை பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது. நிரம்பிய குடத்தைக் கேன் என்று நினைத்துச் சாய்த்துத் தோளில் ஏற்றினான். குடத்துக்கு ஏது மூடி? பாதித் தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது.

வேன் படியிலிருந்த அவள் கால் தானாகத் தரைக்கு இறங்கியது.

“என்னம்மா, ஏறுறியா, எறங்குறியா?” என்றார் டிரைவர்.

சொட்டச் சொட்ட நின்றவன் அவளைப் பார்த்தான். பிறகு மீதியை மெதுவாக இடுப்புக்கு மாற்றினான். கோணல்தான், ஆனால் சிந்தவில்லை.

“ஏறிட்டேண்ணே, எடுங்க,” என்று அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள்.