சின்ன எஞ்சினுக்குப் பெரிய கியர்பாக்ஸ்

வேலை முடிந்ததும் "வண்டி எப்படி ஓடுதுங்க?" என்று வேலுமணி யாரையும் கேட்க மாட்டார். பல்லடத்தில் பதினெட்டு வருஷமாக கியர்பாக்ஸ் வேலையே செய்கிறவருக்கு, என்ன பதில் வரும் என்று தெரியாதா? கஷ்டப்பட்டவன் முகத்துக்கு நேரே குறை சொல்ல நம்மூர்க்காரர்களுக்கு வாய் கூசும். வண்டி இரண்டு துண்டாகக் கிடந்தாலும் "நல்லாருக்குதுங்க" என்பார்கள். அதனால் வேலுமணி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுகிறவரின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே வருவார்.

போன ஆவணியில் ராமாமணி அக்காவின் பிக்கப் இன்னொரு வண்டியின் மேலேறி அவரிடம் வந்தது. அக்கா கோழிக்குஞ்சு ஏற்றிப்போய் ஊர் ஊராகப் பண்ணைகளுக்குப் போடுகிறவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கிளட்ச் மிதிக்க வழியில்லாததால் ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும்தான் ஓட்ட முடியும். அதன் கியர்பாக்ஸ் உள்ளே கருகிப் பொடியாகிக் கிடந்தது. அந்த மாடலுக்குப் புதுசு வருவதும் நின்றுபோயிருந்தது.

"வித்துப்போட்டு ஊட்டுல இரு அம்மணி. வேற வண்டி வாங்கி டிரைவர் போட்டுக்கலாம்" என்றார் கூட வந்த அண்ணன் சென்னகிருஷ்ணன்.

அக்கா அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. "உங்களால ஆகுமுங்களா தம்பி?" என்று வேலுமணியிடம் கேட்டார். அந்தக் குரலுக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

உக்கடத்தில் பழைய சாமான் விற்கும் அப்துல் வஹீதிடம் ஒரு கியர்பாக்ஸ் கிடைத்தது. அதே கம்பெனிதான். ஆனால் பெரிய எஞ்சின் போட்ட பிக்கப்பில் இருந்தது. எஞ்சினோடு சேரும் முன்பக்கக் கூட்டில் போல்ட் ஓட்டைகள் ஒத்துவரவில்லை. அவசரக்காரனாக இருந்தால் அங்கேயே வெல்டிங் மிஷினைத் தூக்கியிருப்பான். வேலுமணி இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு நாள் முழுக்க அளந்தார். கூடு மட்டும்தான் வேறு என்று தெரிந்ததும், அக்காவின் பழைய கியர்பாக்ஸ் கூட்டைக் கழற்றி, வாங்கி வந்ததில் மாட்டினார். அவ்வளவு பொறுமை எனக்கெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

வண்டி கிளம்பியது. தீவன மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அக்கா மேம்பாலத்தில் ஏறினார். வேலுமணி பக்கத்தில் இருந்தார். கியர் மாறும் ஒவ்வொரு முறையும், அதற்குச் சற்று முன்னால், அக்காவின் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து லேசாக எழும்பியது.

"ஏனுங்கக்கா, காலை எதுக்குங்க எடுக்கறீங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க தம்பி. நல்லாத்தான் இருக்குது. உங்களுக்கு எத்தனை சிரமம் குடுத்துப்போட்டேன்!"

வேலுமணிக்குப் புரிந்துவிட்டது. கியர் இடித்துக்கொண்டு விழுகிறது. காலை எடுத்து அந்த இடியைக் குறைத்துக்கொண்டு, வேலுமணியின் மனசு நோகக் கூடாதென்று அக்கா ஓட்டுகிறார். இப்படியே போனால் இந்தக் கியர்பாக்ஸும் ஆறு மாதம் தாங்காது. அப்புறம் அண்ணன் சொன்னபடி வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"திருப்புங்கக்கா" என்றார்.

மறுபடி எல்லாவற்றையும் இறக்கினார். தப்பு தன்னுடையதுதான் என்று அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னார். ஆயிலை ஒவ்வொரு கியருக்கும் பிரித்து அனுப்பும் வால்வுத் தட்டு பெரிய எஞ்சினின் பலத்துக்கு அமைந்தது. சின்ன எஞ்சினில் அது கியரை முரட்டடியாகப் போட்டது. பழசில் கருகாமல் தப்பியிருந்த தட்டை எடுத்து, துளைகளில் அடைந்திருந்த கரியை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து போட்டார். இரண்டு நாளில் முடிய வேண்டியது ஏழு நாளானது.

எட்டாம் நாள் மறுபடி அதே மூட்டைகள், அதே மேம்பாலம். ஒரு முறைகூட அக்காவின் கால் எழும்பவில்லை. நல்லாருக்குது என்றும் சொல்லவில்லை. குறுக்கே புகுந்த டவுன் பஸ்காரனைத் திட்டிக்கொண்டே பாலத்தை விட்டு இறங்கி, வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"கொஞ்சம் இறங்குங்க தம்பி. தனியா ஒரு ரவுண்டு பாத்துக்கறேன்."

இறங்கினார். வண்டி போனது. அரை மணி நேரம் வெயிலில் நின்றார். எங்காவது நின்றுபோயிருக்குமோ என்று தேடிப்போக நாலடி வைத்தபோது போன் அடித்தது. பின்னணியில் ஆயிரம் குஞ்சுகளின் கீச்சுச் சத்தம்.

"தம்பி, லோடு ஏத்திப்போட்டேனுங்க. சத்தியமங்கலம் போய்ட்டு வாரேன். நீங்க பஸ் புடிச்சுப் போயிருங்க!"