குத்தாத மூக்கு

எனக்கு ஊசி என்றால் பயம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சின்ன வயதில் எந்த நாயும் கடிக்கவில்லை, எந்த நர்சும் தப்பாகக் குத்திவிடவில்லை. பயம் என்றால் பயம், அவ்வளவுதான். கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் டீச்சர் வேலை. பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வரும் நாளில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு நான் வெளியே போய் மரத்தடியில் நின்றுகொள்வேன். "டீச்சரு பயந்துக்கினு ஓடறாங்க" என்று பிள்ளைகள் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் சாதிசனத்தில் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் மூக்குக் குத்தியாக வேண்டும். எனக்கும் நகை செய்கிற பத்தரை வீட்டுக்கே கூட்டிவந்தார்கள். அவர் கூரான தங்கக் கம்பியைத் தேங்காயெண்ணெயில் தோய்த்ததுவரைக்கும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கண்ணைத் திறந்தபோது அம்மா என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள், பத்தர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பேன்சி ஸ்டோரில் ஒரு பிரஸ்ஸிங் மூக்குத்தி வாங்கி, மூக்கில் அழுத்திவிட்டு மணையில் உட்காரவைத்தார்கள். அது பந்தியில் என் இலையில், ரசம் சோற்றில் விழுந்தது. பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், யாருக்கும் தெரியாமல் அதை எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இந்த மனுசனோடு வாழ்ந்துவிடலாம் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

அவர் டிராக்டர் ஓட்டினார். மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு லோடு. எங்கள் முதல் வருசத்து அரவை முடிந்ததும் என்னைக் கூட்டிப்போக மலைக்கு பைக்கில் வந்தவர், இறங்கும் வழியில் வண்டியை நிறுத்தி ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்தார். வெள்ளை ஒற்றைக்கல் மூக்குத்தி. பின்னால் மரை வைத்த திருகு.

"எப்ப தைரியம் வருதோ அப்ப குத்திக்க. அவசரம் இல்ல. ஆனா நான் பாக்கணும்" என்றார்.

அவசரம் இல்லை என்றதைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார். அடுத்த பொங்கலுக்கு என்பேன். டப்பா பீரோவிலேயே இருந்தது.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. சர்க்கரை இருந்ததே எங்களுக்குத் தெரியாது. வாரத்துக்கு இரண்டு தடவை கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். வரும்போதும் போகும்போதும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு வருவார். டிராக்டர் ஓட்டி முறுக்கேறிய கை, பார்க்கப் பார்க்க வற்றிக்கொண்டே போனது. நர்ஸ் ஊசியை எடுத்ததும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அவர் ஊசி குத்தாத கையால் என் கையைப் பிடித்துக்கொள்வார்.

"குத்திக்கிறது நானு, கண்ண மூடறது நீயா? இன்னா நியாயம் இது?" என்பார். நர்ஸ் சிரிக்கும். "ம், ஆச்சு. கண்ணத் தொற" என்று அவர் சொன்ன பிறகுதான் திறப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஊசி குத்தி மெஷின் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், நெஞ்சு அடைத்துப் போய்விட்டார். என் கையைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது. நர்ஸ்தான் வந்து விரல்களைப் பிரித்துவிட்டது.

காரியத்தன்று காலையில் என்னை உட்காரவைத்துப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். எல்லாம் திரும்ப எடுப்பதற்காக. இந்த ஜோடிப்பை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் நன்றாகவே இருக்க மாட்டார்கள். என் நாத்தனார், அவருக்கு மூத்த அக்கா, தட்டில் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவள் விரலில் ஒரு பிரஸ்ஸிங் மூக்குத்தி இருந்தது.

"எதுக்கு அண்ணி?" என்று கேட்டேன்.

"மூக்குத்தி எடுக்கணும்மா. மொறை."

"எனுக்குத்தான் மூக்கே குத்தலியே."

"இருந்தாத்தான எடுக்க முடியும்?" என்று சொல்லி, அதை என் மூக்கில் அழுத்தினாள்.

வளையலை உடைத்தார்கள், பூவை எடுத்தார்கள், தாலியை எடுத்தார்கள். கடைசியில் அதையும் பிடுங்கிப் பால் கிண்ணத்தில் போட்டார்கள். தாலி போனபோது மரத்துப்போய் உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த பிளாஸ்டிக் கல் போனபோது உடம்பெல்லாம் எரிந்தது. இல்லாததையும் கொண்டுவந்து வைத்துப் பிடுங்கினார்களே என்று வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

இரண்டு மாதம் கழித்து நாத்தனார் வந்தாள். அவள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சுற்றி வளைத்தெல்லாம் பேசவில்லை.

"தம்பி வாங்குன மூக்குத்தி இருக்குதுல்ல, உனுக்கு இனிமே அது எதுக்கு? என் பொண்ணுக்குப் போட்டா அவன் கண்ணாலத்துல இருந்த மாதிரி இருக்கும். பொட்டியில கெடந்து இன்னா ஆவப்போவுது?"

அவள் பேராசைக்காரி இல்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அதனால் அவளைத் திட்டி அனுப்பவும் முடியவில்லை. அவர் என்னிடம் ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்று. அதுவும் வேறு மூக்குக்குப் போகப்போகிறது. "ஞாயித்துக்கெழம வாங்க அண்ணி" என்று சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை டப்பாவை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனேன். அங்கே ஒரு பத்தர் மூக்குத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பாப்பாவுக்கா?" என்றார். எனக்குத்தான் என்றேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார். பார்த்துவிட்டு மூக்குத்தியை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"வேணாம்மா. நாளைக்கி உங்க வூட்ல வந்து என்னக் கேப்பாங்க."

அடுத்து ஒரு பியூட்டி பார்லர். அங்கே இருந்த பெண் நெற்றியைப் பார்க்கவில்லை, மூக்குத்தியைத்தான் பார்த்தது. "அக்கா, இது திருகு. குத்தற கன் மெஷின்ல போவாது. கன்னுக்குன்னு சின்ன மூக்குத்தி தனியா இருக்குது, அதப் போட்டுக்கறீங்களா?"

"இதத்தான் போடணும்."

"அப்ப கையாலதான் குத்தணும்" என்று சொல்லி, டிராயரிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் கிழித்தது. குளுக்கோஸ் ஏற்ற மணிக்கட்டில் செருகுவார்களே, அதே ஊசி. அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒவ்வொரு தடவையும் அந்த பாக்கெட் கிழிபடும் சத்தம் கேட்டுத்தான் நான் கண்ணை மூடியிருக்கிறேன்.

எழுந்து ஓடியிருப்பேன். ஓடினால் நாளைக்கு டப்பாவைக் கொடுக்க வேண்டும்.

"கண்ண மூடிக்கோங்கக்கா."

மூடவில்லை. மூடினால் திறக்கச் சொல்ல ஆள் இல்லை. பிடித்துக்கொள்ளக் கையைத் தேடினேன். கடைசியில் என் வலது கையால் என் இடது கையையே பிடித்துக்கொண்டேன். ஊசி வருவதைக் கடைசிவரைக்கும் பார்த்தேன். மூக்கு எலும்பு நொறுங்கியதுபோல ஒரு சத்தம் காதுக்குள் கேட்டது. கண்ணில் தண்ணீர் தானாகக் கொட்டியது. அந்தப் பெண் திருகை முடுக்கிவிட்டு ரத்தத்தைப் பஞ்சால் ஒற்றி, "ஆச்சுக்கா" என்றது.

அந்த ஒரு சொல்லை அது சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் நாத்தனார் வந்தபோது மூக்கு வீங்கித் தக்காளிபோல இருந்தது. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். காலியான டப்பாவை அவள் முன்னால் வைத்தேன்.

"இன்னா வேல பண்ணி வச்சிருக்க?" என்றாள். "ஊர்ல இன்னா பேசுவாங்க? எடு அத."

"அன்னிக்கி நீங்கதான எடுத்தீங்க அண்ணி. இன்னிக்கும் நீங்களே எடுங்க."

முகத்தை அவளிடம் நீட்டினேன். கிண்டலாகத்தான் சொன்னேன், ஆனால் அவள் நிஜமாகவே கையைக் கொண்டுவந்தாள். விரல் கல்லில் பட்டதும் எனக்கு உயிர் போய்வந்தது. ஒரு சொட்டு ரத்தம் அவள் விரலில் ஒட்டியது. அவள் கையை இழுத்துக்கொண்டு அந்த விரலையே பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"உனுக்கு நல்லாத்தான் இருக்குது" என்றாள். "எத்தினி வருசமா கேட்டுக்கினு இருந்தான். பாக்காமயே போயிட்டானே."

சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதால் மூக்கைச் சிந்த வேண்டும். மூக்கைத் தொட முடியவில்லை. அதனால் அவள் அழுது முடிக்கும்வரைக்கும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.