மூடியை அளக்காதே

"பூட்ஸைக் கழட்டு தம்பி. சாக்ஸும்தான்."

கடைத் தரையில் வெப்பத் துவார மூடிகள் நாலைப் பரப்பி, வாங்க வந்தவரை வெறுங்காலோடு ஒவ்வொன்றின் மேலும் ஏற்றி நிறுத்துகிறாள் ஸ்டெஃப்கா. குளிர்காலத்தில் எழுந்ததும் வெப்பக்காற்று வரும் தரைத் துவாரத்தின் மேல் போய் நிற்காத ஆள் எங்கள் வினிப்பெக் நகரத்தில் கிடையாது. பூவேலை செய்த இரும்பு மூடி கண்ணுக்கு அழகு, பாதத்தில் குத்தும். "பூவெல்லாம் விருந்தாளிக்கு. தினம் நிக்கப்போறது நீ," என்பாள்.

அடுத்த கேள்வி அதட்டலாக வரும். "அளந்துட்டு வந்தியே, ஓட்டையை அளந்தியா, மூடியை அளந்தியா?" பத்தில் எட்டுப் பேர் பழைய மூடியின் விளிம்பைத்தான் அளந்து வருவார்கள். விளிம்பு ஓட்டையைவிடப் பெரியது. அந்தக் கணக்கில் வாங்கினால் புது மூடி உள்ளே இறங்காது. திருப்பி அனுப்பிவிடுவாள். நான் பக்கத்துப் பெயிண்ட் கவுன்டர். பதினோரு வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

இரும்பு மூடிமேல் ஒட்டித் துவாரத்தை அடைக்கும் காந்தத் தகடு கேட்டு வருபவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. தகடுகளைக் கீழ்த்தட்டில் ஒளித்து வைத்திருப்பாள். அப்படிப்பட்ட தகடு ஒன்று நவம்பரில் அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

ஸ்டெஃப்காவின் அக்கா ஹாலினா, தன் கணவர் இறந்தபின் இவள் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். அந்த அறைக்கும் சமையலறைக்கும் காற்று வருவது ஒரே குழாயில். "ரகசியம் பேசணும்னா வெளியில போய்ப் பேசுங்க, குழாய் காட்டிக் கொடுத்துடும்" என்று ஊருக்கே சொல்கிறவள், சமையலறையில் உட்கார்ந்து போனில், "அக்கா ஒரு சுமைதான், என்ன பண்றது?" என்று யாரிடமோ சொல்லித் தொலைத்திருக்கிறாள். மறுநாளே ஹாலினா வேறு கடையில் தகடு வாங்கி வந்து தன் அறைத் துவாரத்தின் மேல் ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து பேச்சில்லை. மாடியில் கோட்டு போட்டுக்கொண்டு தூக்கம், விடாத இருமல்.

ஸ்டெஃப்கா மன்னிப்பா கேட்டாள்? அக்கா அறைக்குப் புது மூடி வாங்கிப் போனாள்! காந்தம் ஒட்டாது என்று ஓக் மரத்தில் ஒன்று. ஹாலினா அதன்மேல் துணிப்பெட்டியைத் தூக்கி வைத்தாள். பிறகு பித்தளையில் ஒன்று. அதன்மேலும் அதே பெட்டி. "உனக்கு மூடி விக்கத்தான்டி தெரியும்," என்றாளாம். அவ்வளவுதான் இரண்டு மாதத்தில் அவள் பேசிய பேச்சு.

ஜனவரியில், ஹாலினா இடம் கேட்டு எழுதிப்போட்டிருந்த முதியோர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. அறை ஒன்று காலியாம், திங்கட்கிழமைக்குள் ஹாலினா பதில் சொல்ல வேண்டுமாம். அன்று ஸ்டெஃப்கா கவுன்டரில் வெள்ளை மூடி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டி, ஊர்ல உள்ளவங்களையெல்லாம் ஓட்டையை அளக்கச் சொல்லித் திருப்பி அனுப்பறே. நீ இன்னும் மூடியையே மாத்திக்கிட்டிருக்கியே!"

முறைத்தாள். மூடியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வா," என்றாள்.

போனேன். அடுப்பில் பீட்ரூட் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே இருமல். ஸ்டெஃப்கா கரண்டியை வைத்துவிட்டு, முழங்கால் முறுமுறுக்க மண்டியிட்டு, சமையலறைத் துவாரத்தின் மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஓட்டைக்குள் முகத்தைக் கொடுத்தாள்.

"அக்கா! நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா. வாய்க்கொழுப்பு. நீ போயிட்டா இந்த வீட்ல எனக்கு யாருக்கா இருக்கா?"

சூடான காற்று அவள் நரைமுடியைத் தூக்கி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. சூப் பொங்கிவிடும் போலிருந்தது. நானே போய் அடுப்பைத் தணித்தேன்.

மாடியில் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு குழாய் வழியே, பக்கத்தில் நின்று பேசுவதுபோலத் தெளிவாக ஒரு குரல்:

"சூப்புல உப்பு போட்டியா, இல்ல வழக்கம்போல மறந்துட்டியா?"

"நீயே வந்து பாரேன்," என்றாள் ஸ்டெஃப்கா ஓட்டைக்குள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மூடியை மேசையிலிருந்து எடுத்தாள், துவாரத்தைப் பார்த்தாள், திரும்ப மேசைமேலேயே வைத்துவிட்டாள்.